ஷீஷாவும் இதயமும்: அந்தக் கரித்துண்டைப் பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். துபாயில் வேலை பார்க்கும் தம்பிக்கு வயது 29. சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை இரவும், வாரத்தின் நடுவில் இன்னொரு நாளும் நண்பர்களோடு ஷீஷா, அதாவது ஹூக்கா, இழுப்பார். போன வாரம் அறையிலேயே வைத்து இழுத்துவிட்டு எழுந்தவர் தலை சுற்றி விழுந்துவிட்டார். பக்கத்து மருந்துக்கடையில் விரலில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியை மாட்டிப் பார்த்திருக்கிறார்கள்; 98 காட்டியதாம். ஒன்றுமில்லை என்று திரும்பிவிட்டார்கள். "தண்ணீரில் வடிகட்டித்தானே வருகிறது, இதில் என்ன இருக்கிறது?" என்கிறார் தம்பி. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்த வீடு என்பதால் அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஷீஷாவால் இதயத்துக்குக் கெடுதல் உண்டா, இல்லையா?

உண்டு. ஆனால் நீங்களும் தம்பியும் தண்ணீர்க் குடுவையையும் புகையிலையையும் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறீர்கள். இருவருமே பார்க்காத ஒன்று அதன் உச்சியில் சிவந்துகொண்டிருக்கிறது. கரித்துண்டு. தம்பி விழுந்ததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். முதலில் அந்த 98-ஐப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் என்னை மிகவும் உறுத்தியது அதுதான்.

சில ஆண்டுகள் ஷார்ஜாவில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு ஜூலை மாத இரவில் இருபத்து நான்கு, இருபத்து ஐந்து வயது இருக்கும் ஒருவனை மூன்று நண்பர்கள் தோளில் தாங்கிக்கொண்டு வந்தார்கள். தலைவலி, வாந்தி, கழிப்பறைக்குப் போகும் வழியில் மயக்கம். நால்வர் சட்டையிலும் திராட்சையும் புதினாவும் கலந்த மணம். வெளியே வெயில் தாங்காது என்று ஜன்னலை அடைத்து ஏ.சி. போட்டுக்கொண்டு, ஒரே அறையில் இரண்டு ஷீஷாக்களை மாற்றி மாற்றி இழுத்திருக்கிறார்கள். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டர் 99 காட்டியது. பணிக்குப் புதியவனாக இருந்த நான், சாப்பாட்டு ஒவ்வாமையாக இருக்கும் என்று குளுக்கோஸ் ஏற்ற எழுதிவிட்டேன். அங்கே வந்த மூத்த மருத்துவர் அந்தச் சட்டையை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். ரத்தம் எடுத்து வாயு அளவு பார்க்கச் சொன்னார். கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு பிடித்துக்கொண்ட ஹீமோகுளோபின் நூற்றுக்கு இருபதை நெருங்கியிருந்தது. புகைக்காதவர் உடம்பில் அது ஒன்று, இரண்டுக்கு மேல் இருக்காது. தூக்கிக்கொண்டு வந்த மூவருக்கும் பார்த்தோம். எவருக்கும் நல்ல எண் வரவில்லை. நால்வருக்கும் ஆக்சிஜன் முகமூடி மாட்டி உட்கார வைத்தோம்.

அந்தக் கருவி பொய் சொல்லவில்லை. அதற்கு வேறுபாடு தெரியாது, அவ்வளவுதான். விரலின் ஊடாக இரண்டு வகை ஒளியைப் பாய்ச்சி, ரத்தம் எவ்வளவு சிவப்பாக இருக்கிறது என்று பார்க்கிறது. ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சிவப்பு, கார்பன் மோனாக்சைடைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சிவப்பு. இரண்டையும் ஒன்றாகக் கூட்டி 98 என்று சொல்லிவிடும். கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இந்தக் கருவி இருக்கிறது. 95-க்கு மேல் என்றால் கவலையில்லை என்று மனத்தில் பதிந்தும்விட்டது. கரிப்புகை விஷயத்தில் அந்த எண்ணை நம்பாதீர்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் என்ற ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

சரி, கரிக்கு வருவோம். சிகரெட் தானாக எரியும். ஷீஷாவில் வைக்கும் மாசெல் தானாக எரியாது. அசல் என்றால் அரபியில் தேன். மாசெல் என்றால் தேனிட்டது. புகையிலையை வெல்லப்பாகிலும் கிளிசரினிலும் ஊறவைத்து, பழ மணம் சேர்த்த பசை அது. ஈரப் பசையில் நெருப்பு நிற்காது. எனவே மண் கிண்ணத்தில் அதை நிரப்பி, மேலே துளையிட்ட அலுமினியத் தாளை இழுத்துக் கட்டி, அதன்மேல் கனன்ற கரியை வைக்கிறார்கள். குழாயில் ஒருமுறை இழுத்தால் காற்று முதலில் அந்தக் கரியின் வழியாக வருகிறது, பிறகு புகையிலை வழியாக, பிறகு தண்ணீர் வழியாக, கடைசியாக நெஞ்சுக்குள். ஷீஷா இழுப்பவர் ஒரே மூச்சில் இரண்டு புகைகளை இழுக்கிறார். இதைப் பெய்ரூட்டில் உள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் புகைக்கும் இயந்திரம் வைத்து அளந்தார்கள். கரியை வைத்து ஒருமுறை, கரிக்குப் பதில் மின்சாரச் சூடு கொடுத்து ஒருமுறை. ஷீஷாப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடில் சுமார் 90 சதவீதம் கரியிலிருந்து வருவதாகத் தெரிந்தது. புற்றுநோய்க்குப் பேர்போன சில நச்சுக் கரிமப் பொருள்களிலும் பெரும்பங்கு கரியினுடையதுதான்.

நம் ஊரில் மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்பது பாட்டிகளுக்குத் தெரியும். அதே அடுப்புக்குக் குழாய் பொருத்தி வாயில் வைத்துக்கொள்ள யாரும் தயங்குவதில்லை.

தண்ணீர் என்ன செய்கிறது? குளிர வைக்கிறது. புகையின் காரத்தைக் கொஞ்சம் குறைக்கிறது, நிகோட்டினில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொள்கிறது. கார்பன் மோனாக்சைடு தண்ணீரில் கரையவே கரையாது என்று சொல்லலாம். குமிழிகளோடு மேலே வந்துவிடும். மிக நுண்ணிய துகள்களும் அப்படித்தான் குமிழிக்குள் பயணம் செய்து வந்துவிடுகின்றன. குளிர்ந்த, இனித்த புகை தொண்டையைக் கீறாது. கீறினால் இருமல் வரும், இழுப்பதை நிறுத்துவோம். கீறாததால் சிகரெட்டில் யாரும் இழுக்காத ஆழத்துக்கு இழுக்கிறார்கள், ஒரு மணி நேரம் இழுக்கிறார்கள். தண்ணீர் செய்யும் முக்கியமான வேலை, புகைப்பவரைச் சௌகரியமாக உட்கார வைப்பதுதான்.

இந்த வடிகட்டிக் கதை நேற்று முளைத்ததல்ல. அக்பர் அவையில் இருந்த ஹக்கீம் அபுல் ஃபத் கிலானி என்ற மருத்துவர், புகையைத் தண்ணீரில் விட்டால் கெடுதல் போய்விடும் என்று எண்ணி இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் ஒரு கணக்கு இடிக்கிறது. பிஜாப்பூரிலிருந்து புகையிலையையும் குழாயையும் கொண்டுவந்து அக்பர் முன் வைத்ததாகத் தன் குறிப்பில் எழுதியிருப்பவர் அசத் பேக். அது 1604, 1605 வாக்கில் நடந்தது. கிலானி இறந்தது 1589இல். இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவையில் அறிமுகமான பொருளுக்கு அவர் எப்படி வடிகட்டி செய்திருப்பார் என்று தெரியவில்லை. அசத் பேக்கின் குறிப்பில் வரும் அவை மருத்துவர், இது சோதித்துப் பார்க்காத பொருள், வேண்டாம் என்று தடுத்தவர். அக்பர் ஓரிரு இழுப்பு இழுத்துவிட்டு விட்டுவிட்டார். மகன் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடையே போட்டார்; பலிக்கவில்லை. பாரசீகத்தில் கலியான், இந்துஸ்தானியில் ஹூக்கா, நம் பழைய அகராதிகளில் உக்கா, வளைகுடாவில் ஷீஷா என்று அது ஊர் ஊராகப் போய்விட்டது. நடுவில் கிழவர்கள் வாசலில் உட்கார்ந்து இழுக்கும் பழைய பழக்கமாகச் சுருங்கிக் கிடந்ததை, 1990களில் பழ மணமுள்ள மாசெல் வந்து கல்லூரிப் பிள்ளைகளின் கையில் கொடுத்தது.

இனி எண்கள். "ஒரு ஷீஷா நூறு சிகரெட்டுக்குச் சமம்" என்ற வாக்கியத்தை வாட்ஸாப்பில் பார்த்திருப்பீர்கள். தம்பியிடம் அதைச் சொல்லாதீர்கள். சிரித்துவிடுவார், நீங்கள் அடுத்துச் சொல்வதையும் கேட்க மாட்டார். அந்த எண் முற்றிலும் கற்பனையல்ல. உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பில், ஒரு மணி நேர ஷீஷாவில் உள்ளே போகும் புகையின் அளவு நூறு சிகரெட் அல்லது அதற்கும் மேற்பட்டவற்றின் புகைக்கு இணையாகலாம் என்று இருக்கிறது. அது புகையின் கன அளவு. நூறு சிகரெட்டின் நிகோட்டினும் நூறு சிகரெட்டின் கெடுதலும் ஏறிவிடும் என்று அதற்குப் பொருளல்ல.

எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பார்த்தால்தான் விஷயம் விளங்கும். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் 31 பேரை வைத்துச் செய்து 2009இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. அதே ஆட்களுக்கு ஒருநாள் ஒரு சிகரெட், இன்னொரு நாள் 45 நிமிடம் ஷீஷா. சிகரெட்டில் உள்ளே போன புகை ஏறத்தாழ ஒரு லிட்டர். ஷீஷாவில் சுமார் 48 லிட்டர். ரத்தத்தில் நிகோட்டின் எட்டிய உச்சம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். கார்பன் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபின் சிகரெட்டில் 1.3 சதவீதம், ஷீஷாவில் 3.9 சதவீதம். தம்பிக்கு நிகோட்டின் ஆசை பெரிதாக வராமல் இருக்கலாம். "நான் அடிமையாகவில்லை" என்று அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ரத்தத்தில் மும்மடங்கு கார்பன் மோனாக்சைடு ஏறியிருக்கும்.

3.9 என்பது சின்ன எண்ணாகத் தெரிகிறதா? இதயத்தின் நிலையிலிருந்து பாருங்கள். கை, கால் தசைகள் தங்களுக்கு வரும் ரத்தத்திலிருந்து ஓய்வில் கொஞ்சம் ஆக்சிஜனையே எடுத்துக்கொள்கின்றன. தேவை கூடினால் இன்னும் எடுத்துக்கொள்ளும் இருப்பு உண்டு. இதயத் தசை அப்படியல்ல. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தனக்கு வரும் ரத்தத்திலிருந்து எழுபது சதவீதம் வரை ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மேற்கொண்டு வேண்டுமானால் ரத்த ஓட்டத்தைக் கூட்டுவது தவிர வேறு வழி கிடையாது. கார்பன் மோனாக்சைடோ ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பற்றுகிறது. மீதி இடத்தில் இருக்கும் ஆக்சிஜனையும் எளிதில் இறங்கவிடுவதில்லை. அதே நேரம் நிகோட்டின் அட்ரினலினைக் கிளப்பி, நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடுகிறது. சம்பளத்தைக் குறைத்துவிட்டு வேலையைக் கூட்டுகிற முதலாளியைப் போல. ரத்தக்குழாய் சுத்தமாக இருக்கும் இளம் இதயம் ரத்த ஓட்டத்தைக் கூட்டிச் சமாளித்துவிடும். குழாயில் ஏற்கெனவே அடைப்பு இருந்தால்?

அதையும் சோதித்திருக்கிறார்கள், ஷீஷா வைத்தல்ல. இதயக் குழாயில் அடைப்புள்ள 63 ஆண்களுக்கு, அளந்து கலந்த கார்பன் மோனாக்சைடைச் சுவாசிக்கக் கொடுத்து டிரெட்மில்லில் நடக்க வைத்தார்கள். 1989இல் வெளியான ஆய்வு. ரத்தத்தில் அந்த அளவு சுமார் 4 சதவீதம் இருந்தபோது, இதயம் ஆக்சிஜனுக்குத் திணறுவதைக் காட்டும் மாற்றம் இ.சி.ஜி.யில் 12 சதவீதம் சீக்கிரமாகவே வந்துவிட்டது. 45 நிமிட ஷீஷா ஏற்றிய அதே 4 சதவீதம்தான். உங்கள் அப்பா போன்ற ஒருவர் ஷீஷா இழுக்கும் அறையில் உட்காருவதைக்கூட நான் அனுமதிக்க மாட்டேன்.

அப்படியானால் கரிதான் வில்லன், மின்சாரத்தில் சூடாக்கினால் தீர்ந்தது என்று தம்பி அடுத்துச் சொல்வார். கடைகளில் அதுவும் கிடைக்கிறது. இதில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, முடிவு முதல் பார்வையில் தலைகீழாக இருப்பதால். ரத்தக்குழாயின் உட்சுவர் எவ்வளவு நன்றாக விரிந்துகொடுக்கிறது என்று கையில் ஒரு பட்டையைக் கட்டி இறுக்கித் தளர்த்தி, அல்ட்ராசவுண்டில் அளப்பார்கள். சிகரெட் இழுத்தவுடன் அது குறையும். கரி ஷீஷா இழுத்த இளைஞர்களுக்கோ கூடியிருந்தது! ஷீஷா ரத்தக்குழாய்க்கு நல்லதா? அதே இளைஞர்கள் மின்சாரச் சூட்டில் ஷீஷா இழுத்தபோது, சிகரெட்டைப் போலவே குறைந்தது. நடந்தது இதுதான்: புகை உட்சுவரைக் கெடுக்கிறது, ஆனால் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்குக் குழாயை விரிக்கும் குணம் உண்டு. அது விரித்துவிடுவதால் கெடுதல் அளவீட்டில் மறைந்துபோகிறது. கரியை எடுத்ததும் மறைப்பு விலகிவிட்டது. ஆகவே கரியை மாற்றினால் மயக்கம் போடும் ஆபத்து குறையும், ரத்தக்குழாய் தப்பாது.

புகையிலையே இல்லாத மூலிகை ஷீஷாவும் இப்படித்தான். நிகோட்டின் இருக்காது. கரி இருக்கும், எரிந்த பாகு இருக்கும், கார்பன் மோனாக்சைடு குறையாது. பொட்டலத்தில் "தார் 0%" என்று போட்டிருப்பதைக் காட்டுவார்கள். தார் என்பது எரியும்போது உண்டாவது. விறகின்மேல் "புகை 0%" என்று எழுதி ஒட்டினால் எப்படியோ அப்படி.

நீண்ட காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு ஷீஷா ஊறிய நாடுகளைத்தான் பார்க்க வேண்டும். லெபனானில் நான்கு மருத்துவமனைகளில் ஆஞ்சியோகிராம் செய்துகொண்ட 1,210 பேரை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வாழ்நாள் கணக்கில் நாற்பது "ஷீஷா ஆண்டுகளை"த் தாண்டியவர்களுக்கு, அதாவது நாளுக்கு ஒன்று வீதம் நாற்பது ஆண்டு அல்லது நாளுக்கு இரண்டு வீதம் இருபது ஆண்டு இழுத்தவர்களுக்கு, கடுமையான அடைப்பு இருக்கும் வாய்ப்பு ஏறக்குறைய மும்மடங்கு. ஈரானின் வடகிழக்கில் கோலெஸ்தான் பகுதியில் ஐம்பதாயிரம் பேரைப் பற்றிய பெரிய ஆய்விலும், அதிகமாக ஹூக்கா இழுப்பவர்களிடையே இதயநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இவற்றையெல்லாம் அலசித்தான் அமெரிக்க இதயச் சங்கம் 2019இல் ஷீஷாவும் இதயநோயும் குறித்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. தண்ணீர் வழியாக வருவதால் தீங்கில்லை என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதரவு இல்லை.

நேர்மையாகச் சொன்னால், வாரம் இரண்டு என்ற உங்கள் தம்பியின் கணக்கில் லெபனானின் நாற்பதை எட்ட நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அந்த ஆய்வைக் காட்டி அவரை மிரட்ட முடியாது, மிரட்டவும் வேண்டாம். என் கவலை வேறு. அப்பாவுக்கு 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்திருந்தால், மகனுக்கு அது தனி ஆபத்துக் காரணி என்று நாங்கள் எழுதிவைப்போம். அதோடு தெற்காசியர்களான நமக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முந்தியே வருகிறது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் நம்மவர்களில் பாதிப் பேருக்கு அது 53 வயதுக்குள்ளேயே வந்திருந்தது. உங்கள் தம்பியின் இதயக் குழாய்கள் சுத்தமாக இருக்கின்றன என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. பார்க்காத குழாயை வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை அந்த டிரெட்மில் சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார், மூடிய அறையில், கூடவே மூன்று நான்கு பேரின் புகையையும் சேர்த்து.

இந்த வாரம் செய்ய வேண்டியவை. மயங்கி விழுந்த ஆளை இ.சி.ஜி. எடுக்காமல் விடக் கூடாது. கரிதான் காரணம் என்று நான் இங்கிருந்து நினைப்பது போதாது. ரத்த அழுத்தம், கொழுப்பு அளவு, மூன்று மாதச் சர்க்கரை அளவான ஹெச்.பி.ஏ.1சி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். கார்பாக்சிஹீமோகுளோபின் இப்போது பார்த்துப் பயனில்லை. சாதாரணக் காற்றில் நான்கைந்து மணி நேரத்துக்கொரு முறை அது பாதியாகும். மறுநாளே தடயம் போயிருக்கும். இனி ஷீஷா இருந்த அறையில் யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் வந்தால் முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும், கரியை வெளியே போட வேண்டும், மருத்துவமனையில் "கரிப்புகைக்குள் இருந்தோம்" என்று வாய்திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைய என்னைப் போல ஒருவர் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடுவார். அடுத்த முறை நெஞ்சு அழுத்தமோ, இடக்கை வலியோ, வியர்வையோ சேர்ந்து வந்தால் ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும், நண்பனின் காரை அல்ல.

நிறுத்துவது பற்றி. நிகோட்டினைவிட அவரைப் பிடித்து வைத்திருப்பது வெள்ளிக்கிழமை இரவுதான் என்று நினைக்கிறேன். வாரம் முழுக்க லேபர் கேம்பிலோ எட்டுக் கட்டில் போட்ட அறையிலோ இருப்பவனுக்கு, நால்வர் ஒரு குழாயைச் சுற்றி உட்காரும் இரண்டு மணி நேரம் என்பது ஊர்த் திண்ணை. நானும் அங்கே இருந்தவன், அதைக் கேலி செய்ய மாட்டேன். அந்த உட்காருதலை விடச் சொல்லாதீர்கள். குழாயை மட்டும் கையில் வாங்காமல் ஒரு கரக் தேநீரோடு உட்காரட்டும், வெளியில் காற்றாட. உள்ளறையில் கரி மூட்டுவது மட்டும் இன்றிலிருந்தே நிற்க வேண்டும். அது அவருக்கு மட்டுமல்ல, பக்கத்துக் கட்டிலில் தூங்குபவனுக்கும் சேர்த்து. விடுமுறைக்கு ஊர் வந்தால் இங்கே ஹூக்கா பார்களுக்கு அனுமதியில்லை. ஹூக்கா பார்களைத் தடுக்கும் திருத்தத்தைத் தமிழக சட்டமன்றம் 2022இல் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு 2023இல் அது சட்டமாகிவிட்டது. பெட்டியில் குழாயை மடித்து வைத்துக் கொண்டுவராமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அப்பா இருக்கும் வீடு.

அப்பாவுக்கு அப்போது எடுத்த ஆஞ்சியோகிராம் அறிக்கை பீரோவில் எங்காவது இருக்கும். அதைத் தேடிப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்புங்கள். அங்கே பார்க்கும் மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அப்பாவுக்கு எந்தக் குழாயில், எவ்வளவு அடைப்பு என்பதாகத்தான் இருக்கும்.